தாய்மாமன் சீராக ஒரு பை ரத்தம்

போன மாதம் தீப்தி போன் செய்தாள். நான் வேலை பார்த்த ரத்த வங்கியில் இப்போது அவள்தான் மூத்த டெக்னீஷியன். புது மெஷின் வந்துவிட்டதாம். கிருமி உடம்புக்குள் நுழைந்த கொஞ்ச நாளிலேயே காட்டிக் கொடுத்துவிடுமாம். அதனால் ரத்தம் கொடுக்க வருகிறவர்களைத் தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பதெல்லாம் இனி வேண்டாம், ஒரு கையெழுத்து போதும் என்று மேலிடத்தில் பேச்சாம். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள் சார்?" என்று இந்தியில் கேட்டாள்.

என்னிடம் அபிப்பிராயம் கேட்டுவிட்டு யாரும் சீக்கிரம் போனை வைத்ததில்லை. மெஷின் பிரமாதமான மெஷின்தான், பூ வைத்துக் கும்பிடு, ஆனால் அதன் கண்ணுக்கும் சில நாள் தெரியாது என்றேன். கேள்வி கேட்பதை நிறுத்தாதே என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன். கடைசியில் அவள், "இதையெல்லாம் எழுதி வையுங்கள் சார்" என்றாள். தப்பித்துக்கொள்ளச் சொன்னதாகத்தான் இருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. பரவாயில்லை, இதில் வருகிற முட்டாள்தனம் நம்முடையது, நாம் படித்தால் போதும்.

தாராவியில் பிறந்து, சயனில் படித்து, செம்பூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சுனாபட்டியில் இருக்கிறேன். படித்த கதையும் வேலை தேடிய கதையும் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான், விட்டுவிடலாம்.

முகாம்களைப் பற்றி மட்டும் சொல்லாமல் இருக்க முடியாது. ரத்த தான முகாம் என்றால் ஏதாவது ஒரு தலைவருக்குப் பிறந்தநாள் என்று அர்த்தம். பேனரில் அவர் ஆள் உயரத்துக்குக் கைகூப்பி நிற்பார். ரத்தம் கொடுப்பவனுக்குப் பிரஷர் குக்கர் பரிசு. குக்கரைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு வருகிற ஆரோக்கியம் இருக்கிறதே, எந்த டானிக்காலும் வராது. "காமாலை வந்ததுண்டா?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் "இல்லை" என்பான். "பச்சை குத்தியதுண்டா?" "இல்லை." கையில் பெண்டாட்டி பெயர் புண் ஆறாமல் பச்சைப் பசேலென்று இருக்கும். சுட்டிக் காட்டினால், "ஓ, இதுவா" என்பான். தலைவரும் வருவார். கட்டிலில் படுத்து, சட்டைக் கையை மடித்து, பல் தெரியச் சிரித்து, போட்டோ எடுத்து முடிந்ததும் ஊசி படாமல் எழுந்து போய்விடுவார். அவர் ரத்தத்தை நாங்களும் வற்புறுத்திக் கேட்டதில்லை.

இப்படிச் சேர்கிற ரத்தம் எங்கே போகிறது என்று குக்கர் வாங்கியவனும் கேட்பதில்லை, கொடுத்தவனும் கேட்பதில்லை. பாதிக்கு மேல் எங்கள் குழந்தைகள் வார்டுக்குத்தான் போகும். தலசீமியா பிள்ளைகள். அவர்கள் உடம்பில் நல்ல ரத்தம் ஊறாது. சில வாரங்களுக்கு ஒரு முறை வந்து படுத்து, ஒரு பை ஏற்றிக்கொண்டு, முகம் தெளிந்து வீட்டுக்குப் போவார்கள். ஆயுள் முழுக்க இதுதான். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவர் ரத்தம். அத்தனையில் ஒரே ஒரு பை கெட்டிருந்தால் போதும், ஒரு நோயோடு வந்த பிள்ளை இரண்டு நோயோடு போகும்.

அதனால்தான் ஒவ்வொரு பையையும் எச்.ஐ.வி.க்கும், இரண்டு வகைக் காமாலைக்கும், இன்னும் சிலதுக்கும் சோதிப்போம். பிள்ளைகளையும் சில மாதங்களுக்கு ஒரு முறை சோதிப்போம். அந்த ரிசல்ட் வருகிற நாளில் வார்டில் அம்மாக்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். நான் காகிதத்தோடு உள்ளே போனால் என் கையைப் பார்க்க மாட்டார்கள், முகத்தைப் பார்ப்பார்கள். என் மூஞ்சி எப்போதும் கடுகடுவென்று இருப்பதால் அவர்களுக்கு அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடிந்ததில்லை, பாவம்.

சோதனைக்கும் ஒரு ஓட்டை உண்டு. கிருமி நுழைந்த மறுநாளே மெஷினில் தெரியாது. எங்களிடம் அப்போதிருந்த மெஷினில் வாரக்கணக்கில் தெரியாது. அந்த நாட்களில் ஒருவன் ரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட் சுத்தமாக வரும், பைக்குள் கிருமி இருக்கும். அதைக் கண்டுபிடிக்க அன்றைக்கு ஒரே வழிதான். அந்த ஆளையே கேட்க வேண்டும், அவன் உண்மையைச் சொல்ல வேண்டும்.

அந்த உண்மையை வரவழைப்பதில் கெட்டிக்காரி டாக்டர் சித்னிஸ். எங்கள் ரத்த வங்கியின் முதல் அதிகாரி. குட்டையான அம்மாள், கஞ்சி போட்ட காட்டன் புடவை, அதிகம் பேச மாட்டார். நான் மதித்த மேலதிகாரிகள் ரொம்பக் கொஞ்சம், அவர் அதில் முதல். நம் ஆட்கள் கூட்டமாகத்தான் ரத்தம் கொடுக்க வருவார்கள். மாமன், மச்சான், சித்தப்பா எல்லோரும் பக்கத்தில் நிற்க, ஒருவன் மட்டும் "எனக்கு வேண்டாம்" என்று எழுந்து போக முடியுமா? தெரு முழுக்கப் பேசுமே. இது மேடத்துக்குத் தெரியும். அதனால் எல்லோர் முன்னாலும் ரத்தம் எடுக்க விடுவார். கைதட்டல் எல்லாம் முடிந்ததும், பிரஷர் பார்க்கிற சாக்கில் ஒவ்வொருவனையும் ஒரு சின்ன அறைக்குத் தனியாகக் கூப்பிடுவார். கதவைச் சாத்துவார். தமிழ் ஆள் என்றால் மொழிபெயர்க்க நானும் இருப்பேன். அவன் முகத்தைப் பார்க்காமல், குழாய்களில் லேபிள் ஒட்டிக்கொண்டே கேட்பார். "உங்கள் பையை ஒரு குழந்தைக்கு ஏற்றலாமா, வேண்டாமா? காரணம் கேட்க மாட்டேன். வெளியே யாருக்கும் தெரியாது."

பெரும்பாலானவர்கள் "ஏற்றலாம்" என்பார்கள். எப்போதாவது ஒருவன் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "வேண்டாம் மேடம்" என்பான். அவனுக்கும் அதே நன்றி, அதே டீ, அதே குளுக்கோஸ் பிஸ்கட். அவன் வெளியே போய் மச்சான்களோடு சிரித்துக்கொண்டே நடப்பான். அவன் பை குப்பைக்குப் போகும். முதலிலேயே கேட்டு ஒரு பையை மிச்சம் பிடிக்கலாமே என்று நான் ஒரு முறை சொன்னேன். "முதலில் கேட்டால் வெறுங்கையோடு எல்லோர் முன்னாலும் வெளியே போக வேண்டும். போவானா? பொய் சொல்லிவிட்டுக் கையை நீட்டுவான்" என்றார். லேபிள் ஒட்டுவதை அதற்கும் நிறுத்தவில்லை.

இனி பேச்சியம்மாள் குடும்பத்துக்கு வருகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். தொழிலையும் மாற்றலாம் என்று பார்த்தேன், கதை ஓடவில்லை.

பேச்சியம்மாள் தாராவி, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அத்தை மகனையே கட்டியவள். சொத்து வெளியே போய்விடக்கூடாது என்று கட்டிவைத்தார்களாம். பத்துக்குப் பத்து ரூமில் என்ன சொத்து என்று நான் கேட்கவில்லை. புருஷன், பெண்டாட்டி இருவர் ரத்தத்திலும் ஒரே குறை ஒளிந்திருந்தது. இரண்டும் சேர்ந்து மகள் காவ்யாவுக்கு தலசீமியாவாக வந்தது. சொந்தத்தில் கட்டியதால் வந்த நோய்க்கு மருந்தும் சொந்தத்திலேயே வேண்டும் என்று இந்தக் குடும்பம் நின்றது. "எந் தம்பி கல்லு மாதிரி இருக்கையில கண்டவன் ரத்தம் எம்புள்ளைக்கு எதுக்கு சார்?" என்பாள் பேச்சியம்மாள்.

தம்பி பெயர் சுடலைமுத்து. ரெக்ஸின் பை தைக்கிற கார்கானா, சின்னப் பட்டறை ஒன்று, வைத்திருந்தான். அக்காள் மகளுக்கு ஏறுகிற ஒவ்வொரு பையும் தாய்மாமன் சீர் என்று குலசாமி முன்னால் சத்தியம் செய்திருந்தானாம். அதனால் பங்காளிகளையும் மச்சான்களையும் திரட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு, தட்டில் ஆப்பிள் வைத்து வருவான். ரத்த வங்கிக்கு யாராவது ஆப்பிள் தட்டோடு வருவார்களா? இவர்கள் வந்தார்கள். காவ்யாவின் ரிசல்ட் ஒவ்வொரு முறையும் சுத்தமாக வர, "பாத்தீங்களா, எங்க ரத்தம்" என்று பேச்சியம்மாள் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு வருவாள்.

உண்மையில் அவர்கள் ரத்தத்தில் ஒரு சொட்டுகூட காவ்யாவுக்குப் போனதில்லை. சொந்தக்காரன் ரத்தம் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது, பின்னால் வேறு சிக்கல்களும் வரும் என்பது மேடத்தின் கட்சி. பேச்சியம்மாளிடம் சொல்லிப் பார்த்தார், ஏறவில்லை. அதற்குமேல் வாதாடாமல், இவர்கள் ரத்தத்தைப் பொதுவில் சேர்த்துவிட்டு, முகம் தெரியாத யாரோ ஒருவரின் பையை காவ்யாவுக்குக் கொடுத்துவந்தார். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

மேடம் ஓய்வு பெற்றார். புது அதிகாரி வந்தார். டாக்டர்தான், ஆனால் ஏதோ நிர்வாகப் படிப்பும் படித்தவர், படித்ததை மறக்கவும் இல்லை. வந்ததும் குப்பைக்குப் போகிற பைகளை எண்ணினார். "வேஸ்டேஜ்" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்காத நாள் இல்லை. மேடத்தின் சின்ன அறையில் சோபா போட்டு, பிளாஸ்டிக் செடி வைத்து, தன்னைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒதுக்கிக்கொண்டார். கேள்விகளை ரத்தம் எடுப்பதற்கு முன்பே வராந்தாவில் மேஜை போட்டுக் கேட்கச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு கேட்டதையெல்லாம் ரேஷன் கடையில் பேர் கூப்பிடுகிற மாதிரி வரிசையில் எல்லோர் காதிலும் விழக் கேட்டார்கள். தனி அறையாவது இருக்கட்டும் என்று நான் சொன்னதற்கு, "இந்தக் காலத்தில் யாருக்கு என்ன கூச்சம்?" என்றார். அவர் யாருக்கும் ரத்தம் கொடுத்ததில்லை.

போதாக்குறைக்கு பேச்சியம்மாள் அவரிடம் போய் அழுதாள். தம்பி கொடுக்கிற ரத்தத்தை அவன் பெயர் எழுதி வைத்து அவள் பிள்ளைக்கே தர வேண்டும் என்றாள். வாடிக்கையாளர் திருப்தி முக்கியமாயிற்றே. சரி என்று விட்டார்.

அந்தத் தடவையும் சுடலை படையோடு வந்தான். மேஜைக்கு முன்னால் அவன், முதுகுக்குப் பின்னால் சித்தப்பாவும் மச்சான்களும். மேஜையில் இருந்த பையன் இந்தியில் சத்தமாகக் கேட்டான், "சமீபத்தில் வெளியே பெண்களிடம் போனதுண்டா?" பின்னால் ஒரே சிரிப்பு. மச்சான் ஒருவன், "எங்க சுடலயா? மிஷின விட்டு எந்திரிச்சாத்தான வே" என்றான். சுடலையும் உரக்கச் சிரித்து, "நமக்கு அதுக்கெல்லாம் எங்க டைம்?" என்றான். நான் லேப் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே உள்ளங்கைகளைப் பேன்ட்டில் துடைத்தான்.

எல்லாச் சோதனையிலும் அவன் பை சுத்தமாக வந்தது. காவ்யாவுக்கு ஏற்றுகிற அன்று காலையில் வாங்கிப் போக வந்தார்கள். கீழே எங்களிடம் பையை வாங்கி, ஐஸ் வைத்த தெர்மகோல் பெட்டியில் மேலே வார்டுக்குக் கொண்டுபோவது சொந்தக்காரர்கள் வேலை. எல்லா ஊரிலும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் அதை ஊர்வலமாக்கியது இவர்கள்தான். மச்சான் கையில் மொபைல். "அரே சுடல, பாக்ஸ நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடில. வீடியோ எடுக்கேன்."

சுடலை கவுண்டரில் குனிந்தான். "அண்ணாச்சி, இது எம் பைதானா?"

"உம் பேர்தான போட்டிருக்கு."

"டெஸ்ட்டு?"

"எல்லாம் நெகட்டிவ். நல்லதுன்னு அர்த்தம்."

நல்லது என்று கேட்டால் மனுஷன் முகத்தில் கொஞ்சமாவது வெளிச்சம் வர வேண்டும். இவன் முகம் அப்படியே இருந்தது. "எல்லாமே மிஷின்ல தெரிஞ்சிருமா அண்ணாச்சி?" என்றான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மச்சான்கள் அவனைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு அவன் உள்ளங்கையைத் துடைத்தது ஞாபகம் வந்தது. கவுண்டரைப் பூட்டிவிட்டுப் பின்னால் ஓடினேன். வழியில் லிஃப்ட் முன்னால் மச்சான்கள் மட்டும் நின்றார்கள். லிஃப்ட் லேட்டாகும், பெட்டியோடு படியில் ஏறுகிறேன், நீங்கள் மேலே போய் வீடியோவுக்கு ரெடியாக இருங்கள் என்று சொல்லி சுடலை தனியாகப் போயிருந்தான்.

படிக்கட்டின் முதல் திருப்பத்தில் அவனைக் கண்டேன். பெட்டி கவிழ்ந்து கிடந்தது. தரையெல்லாம் ரத்தம், அவன் வெள்ளைச் சட்டையிலும் ரத்தம். "கால் இடறிட்டு அண்ணாச்சி" என்றான்.

ரத்தப் பை விழுந்தால் லேசில் உடையாது. உடைந்தாலும் ஓரத்து ஒட்டு விட்டுப்போகும். நான் குனிந்து எடுத்தேன். பையின் நடுவில் நேராக ஒரு கீறல், ஸ்கேல் வைத்தது மாதிரி. ரெக்ஸின் வெட்டுகிறவன் கை அப்படித்தான் வெட்டும். அதற்கான கத்தி இல்லாமல் அவனை நான் பார்த்ததும் இல்லை. அவன் என் கண்ணைப் பார்த்தான். மேலிருந்து பேச்சியம்மாள் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. நான் பையைச் சுருட்டி, ஆஸ்பத்திரிக் கழிவு போடுகிற மஞ்சள் கவரில் திணித்து முடிச்சுப் போட்டேன்.

அவள் ரத்தத்தைப் பார்த்ததும் அலறினாள். "எம்புள்ள உசுருல இது! கைய எங்கல வச்சிருந்த, வெளங்காதவனே? எவள நெனச்சுல நடந்த?" தம்பியின் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். மச்சான்களும் வந்து சேர்ந்தார்கள். இவ்வளவு நேரம் சிங்கம் என்று படம் பிடித்தவர்கள், ஒரு பையைப் பிடிக்கத் துப்பில்லாதவன் என்று திட்டினார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

தாதர் பக்கம் தெரிந்த ரத்த வங்கியில் சொல்லி, நானே போய் ஒரு பை வாங்கி வந்தேன். அன்று மாலை காவ்யாவுக்கு ஏறியது யாரோ ஒருவர் ரத்தம். "கண்டவன் ரத்தம் எம்புள்ளைக்கு ஏறுதே" என்று பேச்சியம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதிகாரி இதை உடைசல் கணக்கில் சேர்த்தார். மறுவாரம் படிக்கட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்: ரத்தப் பெட்டியை இரு கைகளாலும் பிடிக்கவும். அவருடைய நிர்வாகப் படிப்பு வீண் போகவில்லை.

அன்று ராத்திரி சுடலையை ஆஸ்பத்திரி லாண்டரிக்குப் பின்னால் டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். நான் கேட்கவில்லை, அவனே சொன்னான்.

"போன மாசம் ஆர்டர் எடுக்க வெளியூர் போனேன் அண்ணாச்சி. போகக்கூடாத எடத்துக்குப் போயிட்டேன். ரத்தம் குடுத்த மறுநாத்தான் கூட வந்தவன் போன் பண்ணான், அந்தப் பொண்ணுக்குச் சீக்காம்."

"அன்னிக்கே எங்கிட்ட வந்து சொல்லிருக்கலாம்லடே."

"எப்பப் பாத்தாலும் யாராச்சும் கூட இருக்காங்களே. முன்னாடி அந்த டாக்டரம்மா தனியாக் கேப்பாங்க. இப்ப அதுவும் இல்ல. எங்க சித்தப்பா முன்னால வச்சு என்னத்தச் சொல்ல?" பிறகு, "மிஷின்ல நல்லதுன்னுதான வந்துச்சு? நான் சும்மாவே கொட்டிட்டனோ?" என்றான்.

மெஷினின் ஓட்டையைச் சொன்னேன். டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். சில வாரம் கழித்து வரச் சொன்னேன், வந்தான். முதல் சோதனையில் ஒன்றுமில்லை. அடுத்ததில் இருந்தது. எச்.ஐ.வி. நான்தான் சொன்னேன். அவன் முதலில் கேட்டது, "காவ்யாவுக்கு ஒண்ணும் இல்லல்லா?" என்றுதான். ஒன்றும் இல்லை என்றதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். இப்போது மாத்திரை சாப்பிடுகிறான், நன்றாக இருக்கிறான், கார்கானாவும் நடக்கிறது. கல்யாணம் மட்டும் வேண்டாம் என்றுவிட்டான். அதற்கும் வீட்டில் திட்டு. இதை எழுதலாமா என்று அவனைக் கேட்டேன். "எழுதுங்க அண்ணாச்சி. எங்க வீட்ல எவன் தமிழ் படிக்கான்?" என்றான்.

அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை, பிரஷர் பார்க்கிறேன் என்று ஒவ்வொருவனாக லேப்புக்குள் கூப்பிட்டு, மேடம் கேட்ட கேள்வியை நானே கேட்டேன். அதிகாரிக்குத் தெரிந்தால் "வேஸ்டேஜ்" என்றிருப்பார். தீப்தியும் அப்படிக் கேட்டுத்தான் பழகியவள். மெஷின் வந்தாலும் கேள், கதவைச் சாத்திவிட்டுக் கேள் என்று அவளிடம் சொன்னது இதனால்தான்.

போன வருஷம் காவ்யாவுக்குச் சடங்கு. இந்த நோய் உள்ள பெண்கள் பெரிய மனுஷியாவது தள்ளிப்போகும், சிலருக்கு மருந்து கொடுத்துத்தான் வரும். அதனால் பேச்சியம்மாள் ஹால் பிடித்து, தாராவியையே கூப்பிட்டிருந்தாள். என்னையும் கூப்பிட்டாள். தாய்மாமன் உட்கார வேண்டிய இடத்தில் பேச்சியம்மாளின் பெரியப்பா மகன் ஒருவனை உட்காரவைத்திருந்தார்கள். மாலை போட்டதும் அவன்தான், சீர்த்தட்டு எடுத்ததும் அவன்தான். சுடலை கேட்டுக்கு வெளியே, வண்டிகள் நிற்கிற இடத்தில், கையில் ஒரு பட்டுப்புடவைக் கவரோடு நின்றிருந்தான். நான் உள்ளே வரச் சொன்னேன். "வேண்டாம் அண்ணாச்சி, அக்கா சத்தம் போடும்" என்றான்.

பந்தியில் பேச்சியம்மாளே வந்து எனக்குப் பாயசம் ஊற்றினாள். மேடையில் காவ்யா பட்டுப்புடவையில், கன்னம் நிறைய மஞ்சளோடு, யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா சார் எம்புள்ளய? போன மாசம் டெஸ்ட்டும் சுத்தம்" என்றாள் பேச்சியம்மாள். பிறகு கேட்டுப் பக்கம் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "அந்தா நிக்கான் பாருங்க, வெக்கமில்லாம. தாய்மாமனாம். பெத்த புள்ள மாதிரி இருக்கவ ரத்தத்தத் தரையில கொட்டுனவன். அன்னிக்கு மொகந்தெரியாத எவனோ ஒரு புண்ணியவான் குடுத்தான், எம்புள்ள பொழச்சா. இவனக் கூப்பிடு கூப்பிடுங்காக எல்லாரும். நீங்கதான அன்னிக்கு படிக்கட்டுல நின்னீங்க. நீங்களே சொல்லுங்க சார், இவன் கொட்டுனானா, இல்லையா?"

பக்கத்து இலைக்காரர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள்.

"கொட்டினான்ம்மா" என்றேன்.